மொட்டை மாடியில் இரண்டு மாப்பிள்ளைகள்

என் அக்கா கலைமதியின் வீட்டுக்காரருக்கு அணுமின் நிலையத்தில் வேலை. இதை எங்கள் அப்பா ராஜப்பன் சொல்லாத ஆள் பொம்மிடி கடைவீதியில் கிடையாது. டீக்கடையில் யாராவது வெயில் ஜாஸ்தி என்றால் போதும். வெயிலில் தொடங்கி, கடற்கரைக்குப் போய், அங்கிருந்து அணு உலைக்குள் நுழைந்து, கடைசியில் பெரிய மாப்பிள்ளை மாதவராஜிடம் வந்து நிற்பார். சின்ன மாப்பிள்ளை என்ன பண்ணுகிறார் என்று கேட்டால், மாரண்டஹள்ளியில் ஏதோ கண்ணாடி மாட்டுகிறார் என்பார்.

கண்ணாடியாம். என் வீட்டுக்காரர் அருள்குமார் வீடுகளுக்கு சோலார் போடுகிறவர். அது அப்பாவுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு நோம்பிக்கும் பண்டிகைக்கும் இதே கூத்துதான். முதல் இலை பெரிய மாப்பிள்ளைக்கு, நல்ல கறியும் அவருக்கே. பரிமாறுகிற எனக்கு உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும். இவரோ எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருவார், எதைப் போட்டாலும் சாப்பிடுவார். திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்களுக்கு ரோசமே கிடையாதா என்று சண்டை பிடிப்பேன். நன்றாகத்தானே சாப்பிட்டேன் என்பார். இந்த மனுஷனுக்கும் சேர்த்து நான்தான் பொறாமைப்பட வேண்டியிருந்தது.

அதனால் நானே இறங்கினேன். அப்பா வீட்டு மொட்டை மாடியில் சோலார் போட்டே தீருவது என்று முடிவு பண்ணினேன். கரண்ட்தான் இருக்கிறதே, இது வேறு எதற்கு என்று அப்பா இழுத்தார். நான் விடவில்லை.

"ஊருக்கே கரண்ட் போனாலும் நம்ம வூட்ல போவாதுப்பா. வெயிலு அடிக்கிற வரைக்கும் ஃபேனு சுத்திக்கிட்டேதான் இருக்கும்."

இவர் பக்கத்தில் நின்று நெளிந்தார். வெளியே வந்ததும் சொன்னார், பேட்டரி வைக்காத சோலார் அப்படி ஓடாதாம். லைனில் கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடுமாம். ஏன் என்று விளக்க ஆரம்பித்தார். பேட்டரி என்று சொன்னால் செலவுக்குப் பயந்து அப்பா பின்வாங்கிவிடுவார். அதெல்லாம் இப்போது யார் கேட்டது, வாயை மூடிக்கொண்டு மாட்டிவிட்டு வாருங்கள் என்றேன். மூடிக்கொண்டார்.

மாட்டிய பிறகு பில் நன்றாகக் குறைந்தது. டீக்கடைப் பேச்சில் சின்ன மாப்பிள்ளையும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்புறம் ஆடிப் பதினெட்டு வந்தது. ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் தெருவில் புளியமரத்துக் கிளை பறந்து லைன் மேல் விழுந்தது. சமையலறையில் பாதி அரைந்த தேங்காயோடு மிக்ஸி நின்றது. கூடத்தில் பங்காளிகள் தலைக்கு மேல் ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

அப்பா வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். திரும்பி வந்து எல்லோர் எதிரிலும் கேட்டார்.

"சின்ன மாப்பிள்ள, வெயிலு இப்பிடிக் காயுது. ஃபேனு சுத்தலீங்களே?"

சமையலறை வாசலில் நின்ற என்னை இவர் ஒரு தடவை பார்த்தார். உங்கள் மகளிடம் அன்றைக்கே சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் மானம் அதோடு போயிற்று. சொல்லவில்லை. தப்பு தன்னுடையதுதான், முதலிலேயே விளக்கியிருக்க வேண்டும் என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். பங்காளி ஒருவர் சிரித்தார். மாதவராஜ் மாமா எழுந்தார். முடிந்தது கதை, இனி இந்த வீட்டில் என் வீட்டுக்காரருக்கு ஒரு சொம்புத் தண்ணீர்கூட மரியாதையோடு வராது என்று நினைத்தேன்.

மாமா அப்பாவின் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப் போனார். தெருமுனைக் கம்பத்தில் அதற்குள் லைன்மேன் ஏறி, வெறுங்கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளப் பாருங்க மாமா. நம்ம மாடியிலருந்து கரண்ட் அந்தக் கம்பிக்குப் போனா அவரு கதி என்னங்க? அதுக்குத்தான் இது தானா நின்னுக்குது. எங்க அணு உலையவும் அப்பிடித்தான் கட்டியிருக்காங்க. நிக்க வேண்டிய நேரத்துல நிக்கறதுதாங்க நல்ல மிசினு. சகலை வேல சுத்தமுங்க."

அப்பா கம்பத்தையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்த பங்காளி வாயை மூடிக்கொண்டார். உள்ளே வந்த அப்பா, இன்றைக்கு முதல் இலை சின்ன மாப்பிள்ளைக்குப் போடு என்று அம்மாவிடம் சொன்னார். எத்தனை வருஷமாக நான் தவம் கிடந்த சொல்! கலைமதியின் முகத்தைப் பார்த்தேன். அவள் பாட்டுக்கு இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இலை போட்டாயிற்று, மாப்பிள்ளைகளைத்தான் காணோம். கூப்பிட மாடி ஏறினேன்.

இருவரும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நிலக்கரியை நிறுத்திவிட்டால் நாட்டுக்குக் கரண்ட் எங்கிருந்து வரும் என்று பேச்சு. பகலுக்கு நீங்கள், ராத்திரிக்கு நாங்கள், ஆடி மாதம் காற்றாலை என்று மாமா பங்கு பிரித்தார். இவர் விடவில்லை. அணு உலைக் கழிவை எங்கே வைப்பீர்கள், கட்டி முடிக்க ஏன் இத்தனை வருஷம் என்று மடக்கினார். மாமா பதிலுக்கு மடக்கினார். இவர் செங்கல் துண்டால் தரையில் படம் போட்டுக் காட்டி, கையை ஆட்டி, வாய்விட்டுச் சிரித்தார். கல்யாணமான நாளாய் இந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

சாப்பிட வரச் சொன்னேன். இவர் நிமிர்ந்து, கள்ளமில்லாமல், மாமாவைப் பார்த்துச் சொன்னார்.

"இதெல்லாம் பேசறதுக்கு எங்க வூட்ல ஆளு இல்லீங்க."

கீழே இறங்கினேன். கலைமதி இலைகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மாமா வீட்டிலும் இப்படித்தான் பேசுவாரா என்று கேட்டேன்.

"அத ஏன் கேக்கற. ராத்திரி படுத்தாலும் அணு, அணுன்னு உசுர வாங்குவாரு. நானும் ம், ம்ன்னு கேட்டுக்கிட்டே தூங்கிருவேன்" என்று சலித்துக்கொண்டாள்.

அந்தச் சலிப்பைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.