ஓர் ஆள் குடும்பம்

வயதானவர்களுக்கு எதிரான குற்றங்களை எப்படி அளப்பது என்று பேராசிரியர் லட்சுமணசாமி எங்களுக்கு வகுப்பு எடுத்தார். போலீஸ் ஸ்டேஷனில் எழுதியிருப்பதை நம்பக் கூடாதாம். அங்கே இருப்பது போலீஸ்காரர்கள் எழுதிய குற்றம், நடந்த குற்றம் அல்ல. ஆகவே வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களையே கேட்க வேண்டும். கேட்டு எழுதுவதற்கு எம்.ஏ. படித்துவிட்டு வேலை கிடைக்காத ஆட்கள் வேண்டும். அப்படித்தான் தொண்ணூற்றைந்தாம் வருடம், கோட்டைமேட்டு சாஜிதா பேகமாகிய நான் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினேன்.

முதலில் பீளமேடு. மாடி வீட்டு ஓய்வுபெற்ற என்ஜினியர்கள் நான் கேட்டு முடிப்பதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். செருப்பு காணாமல் போனது திருட்டு. பக்கத்து வீட்டுப் பையன் மாங்காய் அடித்தது அத்துமீறல். கிரிக்கெட் பந்து ஜன்னலில் பட்டது தாக்குதல் என்று எழுதச் சொன்னார் ஒருவர், எழுதி முடிக்கும்வரை மூக்குக்கண்ணாடி போட்டு மேற்பார்த்தார். காப்பியும் கொடுத்தார்கள், குறை சொல்லக் கூடாது.

அடுத்தது சூலூரைத் தாண்டிக் கிராமங்கள். அங்கே யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி" என்றார் ஓர் அம்மாள், கையில் மாவுக்கட்டோடு. அது என்னங்க என்றேன். "இது மவன் தள்ளியுட்டதுங்க. நீங்க கேக்கறது களவு, அடிதடிதானுங்களே?" என்று திருப்பிக் கேட்டார். பேராசிரியருக்கோ ஒரே சந்தோஷம். வசதி கூடக் கூட முதியோர்மேல் குற்றமும் கூடுகிறது என்று அவருக்கு ஓர் அட்டவணையே கிடைத்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. நாள் கூலிக்காரியின் வயிற்றெரிச்சலுக்கு அட்டவணையில் இடம் கிடையாது.

இந்த லட்சணத்தில்தான் மாரப்பன் வந்து சேர்ந்தார்.

அந்தக் கிராமங்களில் ஒன்றில், ஈஸ்வரமூர்த்தி என்பவரின் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். தறிச் சத்தத்துக்கு மேல் குரலெடுத்து, "நாலு பேருங்க" என்றார் அவர் மனைவி. வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்து களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அவருங்க?"

"அவரு மாமனாருங்க. இந்த மாசம் எங்க முறை. அடுத்த மாசம் கொழுந்தனாரூட்டுக்குப் போயிருவாருங்க. ஒறம்பரையாட்டந்தானுங்க."

விருந்தாளிகளை எழுதக் கூடாது என்பது விதி. இரண்டாவது மகன் நஞ்சுண்டன் வீட்டில் அவரைக் கேட்டால், மூத்தவர் வீட்டில் இருக்கிறார் என்றார்கள். தோட்டத்தில் குடியிருந்த கடைசி மகன் ஐயாசாமியும் அதையே சொன்னார். அந்தப் பெரியவர்தான் மாரப்பன், தன் நிலத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தவர். நிலத்தைப் பிரித்துக்கொண்ட சூட்டோடு பிள்ளைகள் அவரையும் மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். வருடத்தில் பாதிக்கு மேல் எந்த வீட்டில் இருக்கிறாரோ அந்த வீட்டில்தான் ஒருவரை எழுத முடியும். மூன்றில் ஒரு பங்கு எப்படிப் பாதியாகும்? அவர் எங்குமே இல்லை.

இல்லாத அந்த மனிதர் பஸ் நிறுத்தம்வரை என் பின்னாலேயே வந்தார்.

"ஏனுங்க அம்மணி, களவு போனதெல்லாம் எழுதறீங்களாமா? என்ற சைக்கிளு களவு போயிருச்சுங்க. அதைய எழுதுங்க."

"ஸ்டேஷன்ல சொன்னீங்களா?"

"சொன்னனுங்க. இந்த வயசுல உமக்கெதுக்கு சைக்கிளு, கோயிலுக்குப் போயி உக்காருன்னுட்டாங்க." என்றார். "சைக்கிளு இருந்தா நெனச்ச நேரத்துக்கு நெனச்ச பக்கம் போவனுங்க. இப்ப மாசம் பொறந்தா அவனுக வந்து கூட்டிட்டுப் போவோணும். அதுவரைக்கும் நானு அரிசி மூட்டையாட்டம் உக்காந்திருக்கோணும்."

எதிர்க்கடை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேராசிரியருக்குப் போன் போட்டேன். எந்தக் குடும்பத்திலும் வராதவர் நாம் கணக்குக்கு எடுத்த மாதிரியில் (சாம்பிளில்) வர மாட்டார் என்றார் அவர். "மாதிரியில் வராதவருக்குக் குற்றம் நடக்காது, சாஜிதா."

"நடந்திருக்கே சார்."

"நமக்கு நடக்கலை."

போனை நான் வைத்த வைப்பில் பூத்துக்காரர் எழுந்து நின்றுவிட்டார். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று எங்கள் அத்தா சும்மா சொல்ல மாட்டார். வெளியே காத்திருந்த மாரப்பனிடம் அதே சூட்டில் எரிந்து விழுந்தேன்.

"தனி அடுப்பு வெச்சு ஆக்கிச் சாப்பிட்டா அது தனிக் குடும்பமுங்கய்யா. அப்ப உங்களை எழுதலாம். மூணு ஊட்டுச் சோத்தைத் தின்னுட்டிருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது!"

"அப்பிடீங்களா" என்றார். கோபித்துக்கொள்ளவில்லை. பஸ் வந்தது, நான் ஏறிவிட்டேன். பல்லடம் ரோடு வரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு போனேன். வயதான மனிதரிடம் அப்படியா பேசுவது?

விட்டுப்போன வீடுகளை முடிக்க மறுவாரம் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் புகை. பால் சொசைட்டி வாசலில், ஊரே கேனோடு வரிசையில் நிற்கும் இடத்தில், மூன்று கற்களைக் கூட்டி அலுமினியப் பானையில் உலை வைத்துக்கொண்டிருந்தார் மாரப்பன். அன்றோடு நான்காம் நாளாம்.

யா அல்லா என்று தலையில் கை வைத்தேன். அந்தப் பக்கத்தில் பெற்றவன் தனியாக உலை வைத்தால் ஒரே அர்த்தம்தான். பிள்ளைகள் சோறு போடவில்லை. பெண் கொடுக்கிற வீட்டுக்காரன் முதலில் விசாரிப்பதே அதைத்தான்.

பால் ஊற்ற வந்த ஒருவர் குனிந்து கேட்டார். "ஏனுங் மாமா, பசங்க சோறு போடறதில்லீங்களா?"

"அதெல்லாம் நல்லாப் போடறானுக. கணக்கெடுக்கறாங்கல்ல, அதுக்கோசரம் ஆக்கறேன்."

"சரிதானுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்தவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். உண்மையைச் சொன்ன மனிதரை ஊரில் ஓர் ஆள்கூட நம்பவில்லை. நான் போய் அடையாள அட்டையைக் காட்டி ஆமாம், கணக்கெடுப்புதான் என்றேன். என்னையும் நம்பவில்லை. பிள்ளைகள்மேல் கேஸ் போட டவுனிலிருந்து வந்த அம்மணி நான் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

"இப்ப நானு குடும்பந்தானுங்களே அம்மணி?" என்று கேட்டார் மாரப்பன். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"குடும்பந்தானுங்கய்யா" என்று சொல்லிப் புதுப் படிவத்தை எடுத்தேன். குடும்பத் தலைவர் பெயர் மாரப்பன். உறுப்பினர் ஒருவர். களவு போன பொருள் என்ற கட்டத்துக்கு வந்து சைக்கிள் என்று எழுதிக்கொண்டிருந்தபோது வரிசையில் ஒரு சலசலப்பு.

மூன்று மகன்களும் வந்துகொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த நஞ்சுண்டன் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கறுப்பு ராலி. அதில் தூசி தும்பு இல்லை, காற்றுகூட அடித்திருந்தது.

"சைக்கிளு கெடைச்சுருச்சுங்கப்பா" என்றார் ஈஸ்வரமூர்த்தி, ஊருக்கே கேட்கிற மாதிரி. "தோட்டத்துச் சாளையில சாக்குக்குப் பின்னால இருந்துச்சு. எந்திரிங்க, ஊட்டுக்குப் போலாம்."

மாரப்பன் சைக்கிளைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்து ஒரு விறகை உள்ளே தள்ளினார்.

"எந்த ஊட்டுக்கு?"

கேள்வி சாதாரணமானதுதான். ஈஸ்வரமூர்த்தி நஞ்சுண்டனைப் பார்த்தார். நஞ்சுண்டன் ஐயாசாமியைப் பார்த்தார். ஐந்து நாள் முன்னால் மாதம் பிறந்துவிட்டது. யார் முறை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஊர் முன்னால் சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை. பால் அளக்கிறவர்கூட அளப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ஐயாசாமிக்குப் பொறுக்கவில்லை. "களவுமில்ல, ஒரு மண்ணுமில்லீங்க!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "நாங்கதான் எடுத்து வெச்சோம். மூணு பேருஞ் சேந்துதான். முறை முடியறதுக்கு முன்னாலயே சைக்கிள்ள ஏறிட்டு இன்னொரு ஊட்டு வாசல்ல வந்து நின்னுக்கறாரு. பேத்தியப் பாக்கோணும், மாட்டப் பாக்கோணுங்கறாரு. வந்தவருக்குச் சோறு போடாம இருக்க முடியுங்களா? அப்பறம் கணக்கு ஒதைக்குது. ஊட்டுல பொம்பளைங்க நாளெண்ணிச் சண்டை. அதான் எடுத்து வெச்சோம். தப்புங்களா?"

நிலம் பிரித்த நாளிலிருந்து அந்த மூன்று பேரும் ஒன்றுசேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான் என்று பிற்பாடு சொசைட்டிக்காரர் என்னிடம் சொன்னார்.

அடப்பாவிகளா என்று கத்த வேண்டும் போல இருந்தது. மாரப்பன் முகத்தைப் பார்த்தேன். திருடன் கொண்டுபோனான் என்று நம்பிக்கொண்டிருந்தவரைக்கும் அந்த மனிதருக்கு ஒரு திருடன் இருந்தான். ஒரு வழிப்போக்கனைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறார். அதையும் பிடுங்கிவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரிங்கய்யா" என்று படிவத்தை மடிக்கப் போனேன். "பொருளு வந்துருச்சு. எழுத வேண்டாம், உடுங்க."

"எழுதுங்க அம்மணி." குரல் உயரவில்லை. "எடுத்தது எடுத்ததுதானுங்களே. அடுத்த கேள்வியக் கேளுங்க."

வேறு வழியில்லாமல் படிவத்தில் இருந்ததை அப்படியே வாசித்தேன்.

"பொருளை எடுத்தவர் உங்களுக்கு உறவினரா, பழகியவரா, முன்பின் தெரியாதவரா?"

மாரப்பன் எழுந்து நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மூத்தவரை ஒரு பார்வை, நடுவில் சைக்கிளைப் பிடித்திருந்தவரை ஒரு பார்வை, கடைசி மகனை ஒரு பார்வை. யாரென்று அடையாளம் கண்டுபிடிக்கிறவர் மாதிரி நிதானமாகத்தான் பார்த்தார்.

"முன்னப்பின்ன தெரியாதவங்க" என்றார்.

"அப்பா..." என்றார் ஈஸ்வரமூர்த்தி. தலைப்பாகையை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார்.

மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தேன்.

சோறு வெந்துவிட்டது. மாரப்பன் வடித்து இறக்கினார். அந்தப் பக்கத்து வழக்கப்படி, சாப்பிடுவதற்கு முன்னால் பக்கத்தில் நிற்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். "சித்த சாப்படறீங்களா அம்மணி?" என்று என்னைக் கேட்டார். பால் அளக்கிறவரைக் கேட்டார். கேனோடு நின்றவர்களை ஒவ்வொருவராகக் கேட்டார். அந்த மூன்று பேரைக் கேட்கவில்லை.