நீதி வாத்தியார் வீட்டுக் குளியலறை

குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வீட்டில் உள்ள நாலு பேரும் வெளியே இருந்தார்கள்.

தோளில் துண்டோடு நின்ற மகன் கதவைத் தட்டிவிட்டு ஒருமுறை எண்ணிப் பார்த்தான். அப்பா கூடத்துச் சாய்வு நாற்காலியில். அம்மா அடுப்படி வாசலில். மனைவி கணினி முன்னால். தன்னையும் சேர்த்தால் நாலு. எண்ணிக்கை சரியாகத்தான் வந்தது, கதவுதான் திறக்கவில்லை.

"யாரது உள்ளே?" என்று அம்மா குரல் கொடுத்தாள்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. தாழ் விலகியது. வெளியே வந்தவள் வேலைக்காரம்மா. காலை ஏழு மணிக்கு வந்து மதியம் இரண்டு மணிக்குப் போகிறவள். அஞ்சு வருஷமாக அதே குளியலறையைத் தினமும் தேய்த்துக் கழுவுகிறவள். துடைப்பத்தோடு உள்ளே போகலாம், துடைப்பம் இல்லாமல் போகக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அதை யாரும் எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்டியிருந்தால் படிக்க அசிங்கமாக இருந்திருக்கும்.

அந்த நேரத்தில் வீட்டுப் பெரியவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். மனித விழுமியங்களைப் பற்றிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் நீதிபோதனை வகுப்பு எடுத்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் அவர். தெருவில் அவருக்கு 'நீதி வாத்தியார்' என்று பெயர். பாடநூல் குழு அவரிடம் ஓர் அத்தியாயம் கேட்டிருந்தது. போன வாரம்தான் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்ததால் கண்ணில் கட்டு. எனவே அவர் சொல்லச் சொல்ல மருமகள் கணினியில் அடித்தாள்.

அதற்கும் ஒரு சட்டம் போட்டிருந்தார். "நான் வாயைத் திறந்தா நீ அடிச்சுக்கிட்டே இரும்மா. நிறுத்துன்னு சொன்னாத்தான் நிறுத்தணும். நடுவுல கை நின்னா எனக்குச் சிந்தனை அறுந்துபோகும். ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாது."

அன்று காலை சிந்தனை அருவியாகக் கொட்டியது. "விழுமியம் என்பது விலை சொல்ல முடியாதது. யாரும் பார்க்காத இடத்திலும் மாறாமல் இருப்பதே அதன் இயல்பு. அது ஊற்றெடுக்கும் இடங்கள் மூன்று. வீடு, பள்ளி, சான்றோர் வாழ்க்கை. இவற்றுள் முதலாவது வீடு. என் வீட்டையே எடுத்துக்கொண்டால்..."

அப்போதுதான் மகன் கதவைத் தட்டினான்.

"அவசரம்மா. அடக்க முடியல," என்றாள் வேலைக்காரம்மா. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"அதுக்காக? கடைத்தெருவுல கட்டணக் கக்கூஸ் இருக்கே, அங்க போகத் தெரியாதா?" என்றாள் மாமியார்.

"அது ஒரு வாரமாப் பூட்டிக் கெடக்கும்மா. அதனாலதான் இங்க மட்டுமில்ல, எங்க வீட்டுலயே காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம வர்றேன். அப்படியும் முடியல."

பெரியவர் தொண்டையைச் செருமினார். சண்டை பிடிக்காத மனிதர் அவர். தவறு செய்தவர்களுக்கு விளக்கம் சொல்வதுதான் வழக்கம்.

"இத பாரும்மா, தப்பா எடுத்துக்காத. நாங்க உயர்வு தாழ்வு பாக்கறவங்க இல்ல. இது சுத்தம் சம்பந்தப்பட்டது. யார் யாருக்கு எது எதுன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. அதுக்குப் பேருதான் பண்பாடு."

"அதைத் தினம் கழுவறதே நான்தாங்கய்யா. துடைப்பத்தோட போனா வேலை, துடைப்பம் இல்லாம போனா திமிரா?"

"வாய் நீளுது பாரு!" என்றாள் மாமியார். "இன்னொரு தடவை அந்தக் கதவைத் தொட்டே, வேற வீடு பாத்துக்க."

வேலைக்காரம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தரையை இன்னொரு தரம் கழுவினாள். மகன் பெருமூச்சு விட்டுக் காத்திருந்தான்.

கூடத்தில் விசைப்பலகைச் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. மருமகள் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். கொளுத்துகிற வெயில் நாளில்கூட வேலைக்காரம்மா தண்ணீரைக் குடிக்காமல் வாயை மட்டும் கொப்பளித்துத் துப்புவதை அவள் பார்த்திருக்கிறாள். அவளையும் குளியலறைக்குள் விட்டால் என்ன என்று மாமியாரிடம் இரண்டு முறை கேட்டும் பார்த்தாள். "நேத்து வந்தவ நீ, உனக்கெதுக்கு?" என்றுதான் பதில் வந்தது.

"எங்கம்மா விட்டோம்?" என்றார் பெரியவர்.

"வீட்டுல இருக்கோம் மாமா."

"வீட்டைப் பத்தி அவ்வளவு போதும். பள்ளிக்குப் போவோம்."

மதியம் அத்தியாயத்தை அனுப்புவதற்கு முன் அவர் கேட்டார். "எல்லாம் சரியா இருக்கா?"

"நீங்க சொன்னபடிதான் மாமா. ஒரு எழுத்தைக்கூட மாத்தல." அனுப்பும் பொத்தானை மருமகள் அழுத்தினாள்.

மறுநாள் குளியலறைக் கதவில் ஒரு பூட்டு தொங்கியது. சாவி மாமியாரின் இடுப்பில். வீட்டு ஆட்கள் கேட்டால் சாவி தருவாள்; வேலைக்காரம்மாவுக்குக் கழுவும்போது மட்டும் திறந்து, கழுவி முடித்ததும் பூட்டுவாள். இரண்டு நாளிலேயே வீடு படாத பாடு பட்டது. மாமியார் காய்கறி வாங்கப் போன நேரத்தில் நீதி வாத்தியாருக்கு வயிறு கலக்கியது. பூட்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். வேலைக்காரம்மாதான் கடைத்தெரு வரை ஓடிப் போய்ச் சாவி வாங்கி வந்தாள். சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. கண்கட்டு இன்னும் அவிழாததால் மருமகள் ஒலிபெருக்கியைப் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"ஐயா, எப்படி எழுதியிருக்கீங்க!" என்றாள் குழுத் தலைவி. "இந்தப் பாடத்துக்கு எழுதறவங்க எல்லாரும் அடுத்தவன் வீட்டைத்தான் குறை சொல்வாங்க. நீங்க உங்க வீட்டையே கிழிச்சுப் போட்டுட்டீங்க! அந்தம்மா 'துடைப்பம் இல்லாம போனா திமிரா'ன்னு கேக்கற இடத்துல எங்க குழுவுல ரெண்டு பேர் அழுதுட்டாங்க."

"எந்த இடம்?" என்றார் பெரியவர், ஈனக் குரலில்.

"அடடா, என்ன அடக்கம்! அந்தம்மா இன்னும் உங்ககிட்டதானே வேலை பாக்கறாங்க? இப்ப அந்தக் கதவைத் திறந்துவிட்டுட்டீங்க இல்ல?"

பெரியவர் திரும்பினார். கட்டுப் போட்ட கண்ணுக்கும் அந்தப் பூட்டு தெரிந்திருக்க வேண்டும்.

"திறந்தாச்சு," என்றார்.

"ஞாயித்துக்கிழமை வர்றோம். பாடத்துல போட ஒரு படம் எடுத்துக்கறோம்."

பேச்சு முடிந்ததும் அத்தியாயத்தை வாசிக்கச் சொன்னார். மருமகள் வாசித்தாள். அவர் சொன்னது, மாமியார் சொன்னது, வேலைக்காரம்மா கேட்டது, எல்லாம் வரிசையாக இருந்தன.

"ஏம்மா இதையெல்லாம் அடிச்சே?"

"நீங்க நிறுத்துன்னு சொல்லலியே மாமா."

பூட்டு அன்றைக்கே இறங்கியது. புது வாளி வந்தது, புதுச் சோப்பு வந்தது, ரோஜா நிறத்தில் ஒரு துண்டும் வந்தது. முப்பது வருஷ நீதிபோதனை செய்யாததை ஒரு புகைப்படக்காரன் வரப்போகிறான் என்ற செய்தி செய்துவிட்டது. விழுமியங்களின் ஊற்றுகளில் இந்த நாலாவதைப் பெரியவர் பாடத்தில் சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் வேலைக்காரம்மாவுக்கு ஒத்திகை பார்த்தாள். "அவங்க வந்து உக்காந்ததும் நான் உன்னைப் பாப்பேன். நீ நேரா உள்ள போகணும். போயிட்டு, சிரிச்ச முகமா வெளிய வரணும்."

வந்தார்கள். தலைவி சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். புகைப்படக்காரர் குளியலறைக்கு எதிரே முழங்கால் போட்டுக் கருவியைச் சரி செய்தார். மாமியார் பார்த்தாள். வேலைக்காரம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"போம்மா, கூச்சப்படாத," என்றார் பெரியவர் உரக்க. "இது உன் வீடு மாதிரி."

வேலைக்காரம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தாள். கதவைப் பார்த்தாள், ரோஜாத் துண்டைப் பார்த்தாள், மண்டியிட்டிருந்த மனிதரைப் பார்த்தாள்.

"இப்ப வரலீங்களே," என்றாள்.

மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு காதோரம் சொன்னாள். "சும்மாவாச்சும் போயிட்டு வாயேன்."

"சும்மா போயிட்டு வர அது என்ன பூங்காவாம்மா?" குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள். "வரும்போது நானே போறேங்க. யார்கிட்டயும் கேக்க மாட்டேன். யாரும் பாக்கவும் வேணாம்."

மருமகள் மட்டும் சிரித்தாள். தலைவி பெரியவரைப் பார்த்தாள். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். புகைப்படக்காரர் மெதுவாக எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

வேலைக்காரம்மா அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். குடத்து மூடியைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அஞ்சு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் குடித்த முதல் தண்ணீர் அது. பிறகு இன்னொரு டம்ளர் மொண்டாள்.