பெரியவள் துடைத்த பூஜ்யங்கள்

பெயின்ட் கடை வீட்டு மூத்த மருமகளுக்கு, இளையவள் வந்த நாளிலிருந்து வயிறு எரிகிறது என்பது தெருவுக்கே தெரியும். அவள் மட்டும் அதை அசிடிட்டி என்று சொல்லிக்கொள்வாள்.

நிறம் கலக்கும் மேஜை இத்தனை வருஷமாக மூத்தவள் ராஜ்யம். லிட்டருக்கு இவ்வளவு சாயம் என்றால் இந்த டப்பாவுக்கு எவ்வளவு என்று கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்து ஊற்றுவாள். இளையவளோ அதைத் தொடுவதே இல்லை. கண்ணை ஒரு தடவை மேலே உருட்டுவாள், விடை வந்துவிடும். மாமனார் வாயைப் பிளந்தார். போதாக்குறைக்கு, இனி கலக்கும் மேஜை ஒருத்திக்குத்தான், இன்னொருத்தி கல்லாவுக்கு என்றும் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே மூத்தவள் துணி மடிக்கும் சாக்கில் கதவோரம் நின்றாள். உள்ளே இளையவள் புருஷனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

“புள்ளிய மறந்துட்டுப் பெருக்குங்க. 0.3, 0.02ன்னா, மூணு ரெண்டு ஆறு. பத்துல ஒரு பங்கை நூறுல ஒரு பங்கால பெருக்கினா ஆயிரத்துல ஒரு பங்கு. அப்போ புள்ளிக்கப்புறம் மூணு இடம். 0.006. அவ்வளவுதான்.”

இவ்வளவுதானா! இதற்கா இவளுக்கு இத்தனை மிதப்பு? மூத்தவள் மடித்த சட்டையையே மறுபடி மடித்தாள்.

மறுநாள் பல் டாக்டர் வந்தார். கிளினிக் கதவுக்கு அடர்நீலம் வேண்டுமாம். லிட்டருக்கு 0.25 லிட்டர் சாயம். டப்பாவில் இருந்தது 0.4 லிட்டர் வெள்ளை. மாமனார் பார்க்கும்படி மூத்தவள் கால்குலேட்டரை டிராயரில் போட்டுச் சாத்தினாள்.

இருபத்தைந்தை நாலால் பெருக்கினால் நூறு. சரிதான். ஆனால் மூத்தவளுக்குச் சுத்தம் என்றால் உயிர். அவள் கால்குலேட்டரும் புள்ளிக்குப் பின்னால் வாலில் பூஜ்யத்தைத் தொங்கவிடாது. அந்தப் பழக்கத்தில் நூறின் இரண்டு பூஜ்யங்களையும் மனசுக்குள்ளேயே துடைத்தாள். மிச்சம் ஒன்று. அதற்கு மூன்று இடம் தள்ளிப் புள்ளி வைத்தால் 0.001 லிட்டர். அதாவது ஒரே ஒரு மில்லி.

கை தயங்கியது. இத்தனை வருஷம் நீலம் ஊற்றிய கையாயிற்றே. ஆனால் பக்கத்திலேயே இளையவள் நின்றிருக்கும்போது கை சொல்வதை யார் கேட்பது? ஒரு மில்லி விட்டுக் குலுக்கினாள்.

மூடியில் ஒரு பொட்டு வைத்துக் காட்டுவது கடை வழக்கம். வைத்தாள். பால் மாதிரி இருந்தது.

“பல்லுக்குன்னா சரியா இருக்கும்மா. நான் கதவுக்குல்ல கேட்டேன்” என்றார் டாக்டர்.

மாமனார் எழுந்து வந்தார். மூத்தவள் அவசரமாக மூடியைக் கவிழ்த்து வைத்தாள்.

இளையவள்தான் பேசினாள். “அக்கா எப்பவும் முதல்ல துளி விட்டு, வெள்ளை திரியுதான்னு பார்ப்பாங்க மாமா. மீதிய இனிமேதான் ஊத்தணும்.” அளவுக் குவளையை நீட்டுகிற சாக்கில் காதோரம் குனிந்தாள். “நூறுக்கு மூணு இடம் வச்சா 0.100, அக்கா. புள்ளிய வச்சப்புறம் பூஜ்யத்தைத் துடைங்க. இன்னும் தொண்ணூத்தொம்பது மில்லி.”

ஊற்றினாள். நீலம் வந்தது. துளி விட்டுப் பார்க்கிற பெரியவளின் நிதானம் மாமனாருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மேஜை அவளுக்கே என்று டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார். இளையவள் சிரித்த முகத்தோடு கல்லாவில் போய் உட்கார்ந்தாள்.

இனியாவது எரிச்சல் அடங்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சாயங்காலம் மருந்துக்கடையில் அசிடிட்டி மாத்திரை இரண்டு அட்டையாகக் கேட்டாள் மூத்தவள்.

“காட்டிக் கொடுத்திருந்தாகூட மன்னிச்சிருப்பேன் அவளை” என்றாளாம்.