தொண்ணூறு லோவெலும் துடைப்ப ஷாஃப்டும்

லோவெல் ஸ்டக்கியின் வாயிலிருந்து ஒருநாளும் வராத வார்த்தை ஒன்று உண்டென்றால், அது "நீ சொன்னதுதான் சரி" என்பது. முப்பத்தோரு வருடம் அவனோடு குடித்தனம் நடத்திய மார்லாவே அதைக் கேட்டதில்லை. அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, பாஸ்கம் ரோடு திடலில் வருடக் கோப்பைக்கான சுற்றுகள் நடந்த அன்றைக்கும், காலையிலிருந்து அவன் ஒன்றையே சாதித்துக்கொண்டிருந்தான்: புது ஷாஃப்டால் தன் கார் ஒரு மயிரிழைகூட வேகம் கூடவில்லை.

அந்த ஷாஃப்ட் வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜூன் மாதம் ஓர் ஓட்டத்தில், கால் மைல் பாதையில் பாதியைத் தாண்டும்போது, கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு ஓடும் இரும்பு ஷாஃப்டின் முனையிலுள்ள கிராஸ் என்ற சிலுவை மூட்டு உடைந்தது. சுழன்றடித்த தண்டு தடுப்பு வளையத்தைப் பிய்த்து, காரின் தரைத்தகட்டைக் கிழித்து, லோவெலின் வலது தொடைக்கு நாலு விரற்கடை தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தது. அவன் இறங்கி வந்து, "ஒண்ணும் ஆகல, தகடுதான் போச்சு," என்றான். வேலியோரம் நின்ற மார்லா எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். வீட்டுக்குப் போனதும் அந்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். முழங்கை வரை போயிற்று.

"இனிமே இந்தக் கார்ல இரும்பு கிடையாது," என்றாள். "கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் போடு. அது உடைஞ்சா தொடப்பம் மாதிரி நாரு நாராப் பிரிஞ்சுடுமாம். குத்தாதாம். இல்லேன்னா கார வித்துடு."

"துணியும் பசையும் சேத்துச் சுட்ட குழாய் அது. ஐந்நூறு குதிரைசக்திய அது தாங்குமா?"

"உன் தொடை தாங்குமா?"

 அதற்காக வாயை மூடுகிற ஆளா லோவெல்? நிபந்தனை போட்டான். கார்பனோடு இந்த வருடக் கோப்பையை ஜெயித்தால் இரும்பின் பேச்சையே எடுக்க மாட்டான். தோற்றால் மறுநாளே இரும்பு திரும்ப ஏறும். மார்லா ஒத்துக்கொண்டாள், அந்த அளவுக்காவது இறங்கி வந்தானே என்று. அவனோ அன்றைக்கே புது இரும்பு ஷாஃப்ட் ஒன்று வாங்கி, பிள்ளையைப் போலப் போர்வையில் சுற்றி, டிரக்கின் பின்னால் கிடத்திவிட்டான். பள்ளிப் பேருந்து ஓட்டி அறுபது பிள்ளைகளை அடக்குகிறவள் மார்லா. இந்த ஒரு பிள்ளையை அடக்க முடியவில்லை. அந்தப் போர்வை கண்ணில் படும்போதெல்லாம் அவள் டிரக்கின் கதவை அடித்துச் சாத்தினாள்.

இந்தப் பந்தயத்தின் கூத்தே தனி. கால் மைலை எத்தனை நொடியில் கடப்பேன் என்று அவனவன் முன்கூட்டியே கார்க் கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் எழுத வேண்டும். இரண்டு பேர் ஜோடியாக ஓடும்போது, மெதுவான காருக்கு, எழுதின நேரங்களின் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு முன்னதாகப் பச்சை விளக்கு விழும். கோட்டை முதலில் தொட்டவன் ஜெயித்தான். ஆனால் எழுதின நேரத்தைவிடச் சீக்கிரம் வந்து தொலைத்தால் தோற்றான். ஆகவே காரின் வேகத்தைவிட, தன் காரைப் பற்றித் தனக்கே பொய் சொல்லிக்கொள்ளாதவனுக்குத்தான் இங்கே வேலை. லோவெல் இருபது வருடமாக எழுதுவது 10.90. திடலில் அவன் பெயரே தொண்ணூறு லோவெல்.

காலையில் முதல் ஒத்திகை ஓட்டத்தின் நேரச் சீட்டில் 10.85 என்று வந்தது.

"குளிர் காத்து," என்றான் லோவெல்.

இரண்டாவது சீட்டிலும் 10.85.

"முதுகுக் காத்து."

"மச்சான், கொடி துணிக் கடையில மடிச்சு வெச்ச மாதிரி தொங்குது," என்றான் ராய்ஸ். மார்லாவின் தம்பி, பக்கத்துக் கொட்டகையில் தன் பழைய பிக்கப்பை வைத்துக்கொண்டு அதே கோப்பைக்கு ஓடுகிறவன். "அம்புட்டு லேசான ஷாஃப்ட் போட்டிருக்க. வேகம் கூடாம என்ன செய்யும்?"

"உன் வேலையப் பாரு மாப்ள. என் கார் தொண்ணூறு."

தொண்ணூறு என்றே எழுதச் சொன்னான். எழுதுவது எப்போதும் மார்லாதான். பெல்ட்டில் கட்டுண்டு கிடப்பவனால் எழுத முடியாது. நாலு சுற்று ஓடினான். நாலு சுற்றிலும் கோட்டுக்கு முன்னால் பிரேக்கைக் குத்திக் குத்தி, தொண்ணூறை ஒட்டி வந்து, நூலிழையில் ஜெயித்தான். பின் விளக்கு சிவந்து சிவந்து எரிந்ததைத் திடலே பார்த்தது.

"வேகமே கூடலங்கற, அப்புறம் எதுக்கு மச்சான் பிரேக்கு?" என்று ராய்ஸ் கேட்டான்.

"பிரேக் வேல செய்யுதான்னு பாத்தேன்."

"நாலு தடவையா?"

மார்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இறுதிச் சுற்றில் எதிரே ராய்ஸ். அவன் பிக்கப் கடிகாரம் மாதிரி ஓடும்; பிரேக்கைக் குத்துகிறவனை அவன் தின்றுவிடுவான். தொண்ணூறை எழுதி ஓடினால் லோவெல் தோற்பான், நாளைக்கு அந்தப் போர்வை பிரியும். கெஞ்சியும் பார்த்துவிட்டாள்.

"எம்பத்தஞ்சுன்னு போடுவோம் லோவெல்."

"போட்டா, அந்தக் குழாயாலதான் வேகம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"ஒத்துக்கிட்டா என்ன, குடியா முழுகிடும்?"

"தொண்ணூறுன்னு எழுது," என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். அதற்குள் இருக்கும்போது எதுவும் காதில் விழாது என்பது அவனுக்குப் பெரிய வசதி.

வரிசை நகர்ந்தது. மார்லா குனிந்து அவன் பெல்ட்டை இறுக்கினாள். தொடையோரத்துப் பட்டை முறுக்கிக் கிடந்தது. அதை நேராக்கக் கையை உள்ளே விட்டாள். கம்பளத்துக்குக் கீழே, ஓட்டைக்கு ஒட்டுப்போட்ட இடத்தில், கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. தடவினாள். வட்டமாக இருந்தது. ஒரு கைப்பிடியும் இருந்தது.

அவளுடைய வார்ப்பிரும்புச் சட்டி. சோளரொட்டி சுடுகிற சட்டி. ஜூலையிலிருந்து அதைக் காணாமல் வீட்டைத் தலைகீழாக்கித் தேடியிருக்கிறாள். சர்ச் விருந்தில் ராய்ஸின் பெண்டாட்டியைப் பார்த்து, "எடுத்தவங்க குடுத்துட்டா நல்லது," என்று ஜாடை பேசியதில், ஒரு மாதம் பேச்சுவார்த்தை நின்றது. அப்போதெல்லாம் இந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சாலட் தின்றுகொண்டிருந்தான்.

அவளுக்கு அப்படியொரு கோபம் வந்தது. அடுத்த நொடியே விஷயம் புரிந்தது. இரும்பு இரும்பு என்று ஊரெல்லாம் மார்தட்டியவன், யாருக்கும் தெரியாமல் தொடைக்குச் சட்டியை முட்டுக் கொடுத்துக்கொண்டு நாலு மாதமாக ஓடியிருக்கிறான். அவளுக்கு இருந்த பயம் அவனுக்கும் இருந்திருக்கிறது.

மார்லா பட்டையை நேராக்கினாள். கதவைச் சாத்தினாள். பின்னால் போய், அவன் கண்ணுக்கு எட்டாத பின்கண்ணாடியில் இருந்த 10.90-ஐத் துடைத்துவிட்டு, கொட்டை எழுத்தில் 10.85 என்று எழுதினாள்.

லோவெல் அதைப் பார்த்தது தொடக்கக் கோட்டுக்கு அருகே, எதிரே நின்ற பெரிய பலகையில். எண்பத்தைந்து. கையை உயர்த்தித் தப்பு என்று காட்டினான். திடல் ஆள் அவன் பின்கண்ணாடியை எட்டிப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினான். கண்ணாடியில் என்னவோ அதுதான் கணக்கு. வேலியோரம் மார்லா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாட்டிவிட்டாளே பாவி என்று லோவெல் பல்லைக் கடித்தான்.

ராய்ஸுக்குப் பச்சை விழுந்து அவன் கிளம்பிவிட்டான். அரை நொடி கழித்து லோவெல். இனி பிரேக் கிடையாது. பிரேக்கைத் தொட்டால் எண்பத்தைந்து வராது, கோப்பை போயிற்று. ஜெயிக்க வேண்டுமென்றால் அந்தக் குழாயை நம்பிக் கடைசி வரை மிதிக்க வேண்டும். பாதி தூரம் வந்தது. ஜூனில் உடைந்த அதே இடம். ஒவ்வொரு ஓட்டத்திலும் அங்கே வரும்போது அவன் தொடை கூசும், இன்றைக்கும் கூசிற்று. உடைந்தால் துடைப்பம்தான், உடைந்தால் துடைப்பம்தான் என்று மார்லாவின் குரலிலேயே சொல்லிக்கொண்டு, காலை எடுக்காமல் மிதித்தான். பிக்கப் பக்கத்தில் வந்தது, பின்னால் போயிற்று, கோடும் போயிற்று.

சீட்டில் 10.853 என்றிருந்தது. ராய்ஸைவிட ஒரு முழம் முன்னால்.

கொட்டகைக்குத் திரும்பியபோது மார்லா காத்திருந்தாள். அவன் பெல்ட்டை அவிழ்க்கும் முன்னால் கம்பளத்தைத் தூக்கி, சட்டியை உருவி எடுத்தாள். லோவெல் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு காரின் கூரையைப் பார்த்தான்.

"பயமா இருந்துச்சு," என்றான்.

"எனக்கும்தான். நான் சட்டி திருடினேனா?"

ராய்ஸ் கைகுலுக்க வந்தான். அக்கா கையிலிருந்த சட்டியைக் கண்டான். உடனே தன் பெண்டாட்டிக்கு ஃபோன் போட்டு, "சட்டி கெடச்சுடுச்சு. ஆளும் கெடச்சாச்சு," என்றான். அதன்பின் டிரக்கைக் காட்டி, "ஜெயிச்சுட்ட மச்சான். அந்த இரும்பு ஷாஃப்ட் இனி உனக்கு எதுக்கு? என் பிக்கப்புக்குக் குடேன்," என்றான்.

கோட்டைத் தொட்டதிலிருந்து கொண்டாடக் காத்திருந்த லோவெலின் முகம் சட்டென்று மாறிற்று.

"அதத் தொடாத," என்றான். "உனக்கும் கார்பனே வாங்கு. உங்க அக்கா சொன்னதுதான் சரி."

சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மார்லாவின் கை நின்றது.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல. காத்துல உனக்கு என்னமோ கேட்டிருக்கும்."

"காத்தே இல்லையே லோவெல்," என்றாள் மார்லா.