எட்டு லிங்கம், எட்டுப் பாடம்

ஸ்கூல் வேனில் ஆயாவாக இருக்கும் எனக்கு நாற்பத்து மூன்று வயதில் பி.ஏ. ஆசை வந்தது தப்பா? அஞ்சல்வழியில் எல்லாப் பேப்பரும் முடித்துவிட்டேன். அரசியலமைப்பு மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. ஜூனுக்குள் பாஸானால் ஆபீசில் வேலை, இல்லையென்றால் வேன்தான் என்று தாளாளர் சொல்லிவிட்டார்.

நான் படிக்காமல் இல்லை. புத்தகம் முழுக்க மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தேன். என் நாத்தனார் ரேவதி அதைப் புரட்டி, கோடு போடாத வரி எங்கே என்று தேடினாள். எட்டாவதோடு நின்றவளுக்கு வாயைப் பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அசரவில்லை. புத்தகத்தைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

புருஷனுக்கு பெங்களூரில் வேலை என்பதால் அவள் ஞாயிறுதோறும் தனியாகவே கிரிவலம் போகிறவள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பாதையில் எட்டு லிங்கம், புத்தகத்தில் எட்டுப் பாடம். இந்திர லிங்கத்தில் முதல் பாடம், ஈசானிய லிங்கத்தில் கடைசி. கும்பிட்டு முடித்ததும் நான் பார்க்காமல் சொல்ல வேண்டும், அவள் வரியில் விரல் வைத்துச் சரிபார்ப்பாள். ஒன்று விட்டாலும் நகர விடமாட்டாள். பதினாலு கிலோமீட்டரும் அவளைத் திட்டிக்கொண்டேதான் நடந்தேன். இப்படிப் பத்து ஞாயிறு.

பரீட்சையில் முதல் கேள்வியே எட்டாவது பாடம். மனசுக்குள் மலையைச் சுற்றி வந்தேன், பதில் வந்தது. அடுத்தது ஏழாவது பாடம். ஈசானியத்துக்கு முந்தினது குபேர லிங்கம்தான், நாலு அடி பின்னால் போனால் ஆச்சு. ஆனால் இந்த ஊர்க்காரி மலையை இடமாகச் சுற்றுவாளா? மனசு ஒப்பவில்லை. மறுபடி இந்திர லிங்கத்திலிருந்து கிளம்பினேன். கேள்விக்கு ஒரு சுற்று சுற்றியதில், கடைசிப் பதில் பாதியில் இருக்கும்போதே பேப்பரை வாங்கிவிட்டார்கள்.

பாஸ் மார்க் நாற்பது. எனக்கு நாற்பத்தொன்று. வேனிலேயே அழுதுவிட்டேன்.

நேராக அடி அண்ணாமலையில் இருக்கும் ரேவதி வீட்டுக்குப் போனேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பாஸாயிட்டேன் ரேவதி. நீ இல்லன்னா இது நடந்தே இருக்காது. அவ்ளோ திட்டினேன், மனசுல வெச்சுக்காத."

அவள் முகம் மலர்ந்தது. பிறகு வாளியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"பாடம்தான் முடிஞ்சிடுச்சே அண்ணி. வர ஞாயித்துக்கிழம நடக்க வருவீங்களா?"

இத்தனை நாளும் அவள்தான் எனக்கு உதவுகிறாள் என்று நினைத்திருந்தேன். உன்னைத் திட்டவாவது வருவேன் என்றேன்.