முன்பக்கம் ஒத்திலியா, பின்பக்கம் யாரோ

"உங்க உயரம் என்னம்மா?" என்று மூன்றாம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த ருபியேலா கேட்டாள்.

ஒத்திலியாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. காலை எட்டு மணிக்கு வரிசையில் நின்றவள், பதினொன்றரைக்குத்தான் ஜன்னலை எட்டியிருக்கிறாள். சொகமோசோ நகராட்சியில் இன்றுதான் கடைசி நாள். புதுச் சந்தைக் கட்டடத்தில் கடை கேட்பவர்கள் பன்னிரண்டு மணிக்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவர்களுக்குக் கடையும் இல்லை, திங்கட்கிழமையிலிருந்து நடைபாதையில் கூடையை இறக்கவும் விடமாட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவள் அந்த நடைபாதையில்தான் பாலாடைக்கட்டி விற்கிறாள்.

"கட்டி விக்கிறதுக்கு உயரமெல்லாமா பாக்குறாங்க, தாயி?"

"நான் பாக்கல. உங்க அடையாள அட்டை ஜெராக்ஸ்ல ஒரு மீட்டர் எழுபத்தெட்டுன்னு இருக்கு. இங்கேர்ந்து பாத்தா உங்க தலை பாதிதான் தெரியுது."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஸ்டூலு போட்டுக்கக்கா!" என்றது ஒரு குரல்.

"இன்னும் கேளுங்க. பிறந்த வருஷம் தொண்ணூத்தி மூணு."

"தொண்ணூத்தி மூணுல எம் மூத்தவ பள்ளிக்கூடம் போயிட்டிருந்தா."

"பால், ஆண்."

ஒத்திலியா எக்கி நின்று தாளைப் பார்த்தாள். தாளின் மேல்பாதியில் இருப்பது அவள் முகம்தான். அவள் பேர், அவள் கையெழுத்து. கீழ்ப்பாதியில் அட்டையின் பின்பக்கம்: ஒரு கைரேகை, நாலு வரி எழுத்து. அட்டை வாங்கிய நாளிலிருந்து பின்பக்கத்தை அவள் ஒருமுறைகூடப் படித்ததில்லை. ஒருவேளை ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் எழுதியிருக்கிறதோ?

"ஒரிஜினலைக் காட்டுங்க."

கம்பளிப் போர்வைக்குள் கைவிட்டு அட்டையை எடுத்து நீட்டினாள். ருபியேலா அட்டையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"இது யாரும்மா?"

அட்டையில் ஒல்லி மீசை வைத்த ஓர் ஆள் முறைத்துக்கொண்டிருந்தான்.

"தெரியலியே."

"உங்க மடியிலேர்ந்துதானே எடுத்தீங்க?"

"எடுத்தேன்."

"அப்புறம் தெரியலேங்கிறீங்க?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? எனக்கே தலை சுத்துது!"

எதிர்வாடையில் நூபியா வீட்டு முன்னறையில்தான் நகல் எடுத்தாள். அச்சடிப்பது, நகல் எடுப்பது, ஸ்கேன் செய்வது, ஃபேக்ஸ் அனுப்புவது என்று நாலு வேலையும் பார்க்கிற பிரிண்டர் ஒன்று அங்கே உண்டு. கடைசி நாள் என்பதால் வாசலில் கூட்டம் நெரிந்தது. அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே தாளில், ஒன்றரை மடங்கு பெரிதாக வேண்டும் என்பது நகராட்சி விதி. நூபியா நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரு வழி வைத்திருந்தாள். இரண்டு பேருடைய அட்டைகளைக் கண்ணாடிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைப்பாள். முகங்களை எடுத்ததும் திருப்பிப் போட்டு முதுகுகளையும் அதே நீளத் தாளின் கீழே எடுப்பாள். நடுவில் கத்தரித்து, ஆளுக்குப் பாதித் தாளை அட்டையோடு மடித்துக் கொடுப்பாள். ஒத்திலியாவுக்கும் அப்படித்தான் கொடுத்தாள். திருப்பும்போது இடதும் வலதும் மாறிப்போச்சா என்று பிரித்துப் பார்க்க யாருக்கு நேரம்?

"ஒத்திலியா சியாச்சோகே!" என்று கூடத்து வாசலில் ஒருவன் கத்தினான். "இங்க ஒத்திலியா யாரு?"

"நாந்தான்! நானாத்தான் இருக்கணும்!"

நெட்டையாக ஓர் ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அதே ஒல்லி மீசை.

"நான் யெய்சன் திபாதுயிசா. உங்க அட்டை எங்கிட்ட இருக்கு பெரியம்மா. அஞ்சாம் ஜன்னல்ல நீட்டினா, 'மேடம், மீசை எப்ப வச்சீங்க'ங்கிறான். சிமெண்ட் ஆலை வேலைக்குக் குடியிருப்புச் சான்று வேணும், எனக்கும் பன்னண்டுதான் கெடு."

அட்டைகள் கைமாறின. ஒத்திலியாவுக்குப் பாதி உயிர் வந்தது.

"ஓடிப் போய் வேற ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடுவோம், வா."

"அங்கேர்ந்துதான் ஓடி வரேன். பிரிண்டர் நின்னுபோச்சு. மஞ்சள் மை தீந்துடுச்சாம்."

"நாம கறுப்புலதானே கேட்டோம்?"

"கறுப்பு நெறைய இருக்காம். ஆனா மஞ்சள் போட்டாத்தான் கறுப்பும் அடிக்குமாம்."

"இது என்னடா நியாயம்?"

"நூபியாக்காவும் அதைத்தான் அதுகிட்ட கேட்டுட்டிருக்காங்க. திட்டத் திட்ட அது மஞ்சள், மஞ்சள்னே காட்டுது."

ஒத்திலியா ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள். ருபியேலாவின் முதுகுக்குப் பின்னால் பீரோ உயரத்துக்கு ஒரு பிரிண்டர் பச்சை விளக்கு எரிய நின்றது.

"தாயி, அதுல ஒண்ணு எடுத்துடேன்."

"அது ஆபீஸ் உபயோகத்துக்கு. ரகசிய எண் போடணும். எண் தெரிஞ்ச செக்ரட்டரி சாப்பிடப் போயிட்டாரு."

"அப்ப இதோ அட்டையே இருக்கு. பாத்து எழுதிக்க."

"பாத்துட்டேம்மா, நீங்கதான். ஆனா ஃபைல்ல அட்டையை வைக்க முடியாது, நகலைத்தான் வைக்கணும். ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல."

சுவர்க் கடிகாரம் பதினொன்று நாற்பத்தாறு காட்டியது. ஒத்திலியா இரண்டு தாள்களையும் ஜன்னல் திண்டில் விரித்தாள். இதில் தன் முகம், கீழே அவன். அதில் அவன் முகம், கீழே... ஒரு மீட்டர் நாற்பத்தொன்பது, பெண்.

"தம்பி, என் பின்பக்கம் உங்கிட்ட இருக்கு."

"உங்ககிட்ட என்னோடது இருக்கு."

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமாக்கா?" என்றது பின்னாலிருந்து அதே குரல்.

ஒத்திலியா கூடையிலிருந்து கட்டி வெட்டும் கத்தியை எடுத்தாள். தாள்களைக் குறுக்கே மடித்து, நகத்தால் நீவி, ஒரே இழுப்பில் இரண்டையும் அறுத்தாள். திண்டில் நாலு துண்டுகள் கிடந்தன.

"ஒட்டுற டேப்பு கொடு தாயி."

"ஒட்டின தாளை நாங்க வாங்குறதில்ல."

"ஒரே தாள்னுதானே கேட்ட? ஒட்டினா ஒண்ணுதானே?"

ருபியேலா யோசித்தாள். யோசித்தபடியே டேப்பை நகர்த்தினாள்.

ஒத்திலியா கீழ்த்துண்டுகளை இடம் மாற்றி வைத்தாள். அவள் டேப்பைக் கிழிப்பதற்குள், உதவி செய்கிறேன் என்று யெய்சனும் மாற்றி வைத்தான். அவசர அவசரமாக ஒட்டி உள்ளே கொடுத்தாள்.

ருபியேலா படித்தாள். "மறுபடியும் ஆம்பளையாயிட்டீங்க."

"ஐயோ! நீ ஏண்டா கை வச்ச?"

"நீங்க மாத்தலைன்னு நெனச்சு மாத்திட்டேன் பெரியம்மா!"

"கையைப் பின்னால கட்டிக்க. கட்டிக்கடா!"

கத்தி மறுபடி இறங்கியது. இந்தத் தடவை ஒவ்வொரு துண்டையும் அட்டையோடு வைத்து, பேர், ரேகை, உயரம் என்று விரல் வைத்துச் சத்தமாகப் படித்தபின்தான் ஒட்டினாள். மணி பதினொன்று ஐம்பத்தேழு.

ருபியேலா தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அட்டையோடு ஒப்பிட்டாள். இப்படி ஒரு தாளை என்ன செய்வது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை போலும், உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு ரப்பர் முத்திரையை மையில் ஒற்றி, மேல்பாதியில் பாதியும் கீழ்ப்பாதியில் பாதியும் விழும்படி ஒட்டின் மேலேயே குத்தினாள். குறுக்கே கையெழுத்தும் போட்டாள்.

"இனிமே யாரும் பிரிக்க முடியாது. இந்தாங்க ரசீது."

ஒத்திலியா ரசீதில் தன் பேரை இரண்டு தடவை படித்தாள். ருபியேலா ஜன்னல் கண்ணாடியை இறக்கப் போனாள். கண்ணாடிக்குக் கீழே ஒத்திலியாவின் முழங்கை இருந்தது.

"கையை எடுங்கம்மா."

"இவன் தாளுக்கும் ஒண்ணு குத்து."

"அவரு அஞ்சாம் ஜன்னல். எனக்குச் சம்பந்தமில்ல."

"முத்திரை இல்லாம அங்க இதை வாங்குவாங்களா?"

"வாங்க மாட்டாங்க."

"அப்பக் குத்து."

"மணி பன்னண்டு ஆகப்போகுது."

"அதுக்குத்தான் சொல்றேன், சீக்கிரம் குத்து. நான் கையை எடுக்கப்போறதில்ல."

முத்திரை விழுந்தது. யெய்சன் மை காயாத தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஐந்தாம் ஜன்னலுக்கு ஓடினான். அங்கே கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. "ஏ, மூடாத! அவன் ஆம்பளைதான், நான் சாட்சி!" என்று கத்திக்கொண்டே ஒத்திலியாவும் பின்னால் ஓடினாள்.