ரொட்டிக்கு ஐந்து சதவீதம்

வேலை பார்க்கும் இடத்தில் அவளுக்கு ‘அஞ்சு பர்சென்ட்’ என்று பட்டப்பெயர். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பவளுக்கு அந்தப் பெயரை யாரும் சும்மா வைக்கவில்லை, அவளே தேடிக்கொண்டது. பெட்ரோலுக்கு ஒரு கிரெடிட் கார்டு, மளிகைக்கு ஒன்று, மருந்துக்கும் மின்கட்டணத்துக்கும் இன்னொன்று. எதை எங்கே தேய்த்தால் எவ்வளவு கேஷ்பேக் வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போனால் முந்திக்கொண்டு பில் கட்டுவாள், பிறகு ஆளாளிடம் வசூல் நடக்கும். கஞ்சம் என்று சிரித்தார்கள். ஆனால் ஒரு மாதம்கூட அவள் வட்டி கட்டியதில்லை, கேஷ்பேக் வருகிறதே என்று வேண்டாத பொருள் எதையும் வீட்டுக்குள் விட்டதுமில்லை. தன் காசு கொஞ்சம் தன்னிடமே திரும்பி வரட்டும் என்று நினைப்பது பெரிய குற்றமா என்ன?

அப்பாவுக்கும் தன் கணக்கிலேயே ஒரு கார்டு வாங்கிக் கொடுத்திருந்தாள். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு வேறு ஊரில் தனியாக இருந்தார். எங்களோடு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை கெஞ்சிப் பார்த்தாள். பார்க்கலாம் என்பார். அவர் அகராதியில் அதற்கு முடியாது என்று பொருள். சர்க்கரை வேறு, அவ்வப்போது தலைசுற்றல் வேறு. தனியாக இருக்கிற மனுஷனுக்கு ஏதாவது ஒன்று ஆனால் யாருக்குத் தெரியும் என்ற பயம் அவளை விட்டுப் போனதே இல்லை. போன் செய்தால், சாப்பிட்டாயா, நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு, “சரி, வெச்சிடட்டுமா?” என்பார். அவராக ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

அவர் கார்டைத் தேய்த்தால் செய்தி இவள் போனுக்கு வரும். காலையில் இவள் செருப்பு மாட்டும் நேரத்தில் டிங் என்று ஒன்று வரும்: ரொட்டிக்கடை, சின்னத் தொகை. சாயங்காலம் பழக்கடை. மறுநாள் மறுபடியும் ரொட்டிக்கடை. குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால்தான் அந்தக் கார்டில் ஐந்து சதவீதம் கிடைக்கும். அப்பாவின் ரொட்டி அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஒவ்வொரு டிங்குக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் போனில் பிடித்துவிட்டாள்.

“இப்படிச் சில்லறை சில்லறையா வாங்கினா ஒண்ணுமே திரும்பி வராதுப்பா. வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமா வாங்கிடுங்க.”

“தினம் வாங்கினா ரொட்டி புதுசா இருக்கும்மா.”

“ஃப்ரிட்ஜ் எதுக்கு இருக்கு?”

“சரி” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரே செய்தி வந்தது, பெரிய தொகை. ஐந்து சதவீதம் முழுசாக. கணவனிடம் காட்டினாள். “உங்க அப்பாவையும் ஒரு வழி பண்ணிட்ட” என்றான் அவன். அவளுக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

அதற்குப் பிறகு காலை நேரங்கள் அமைதியாகிவிட்டன. ஒரு வியாழக்கிழமையும் அப்படித்தான் போனது. டிங் எதுவும் இல்லை, வர வேண்டியதும் இல்லை. பல்வலிக்காரர்களை வரிசையில் உட்கார வைத்தாள், மதியம் சாப்பிட்டாள், யாரோடோ சிரித்துப் பேசினாள். சாயங்காலம் அப்பாவின் வீட்டு மாடியில் குடியிருக்கும் டீச்சர் கூப்பிட்டார். அப்பா காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். போன் கூடத்தில் இருந்திருக்கிறது. எழுந்திருக்க முடியாமல் தண்ணீர்க் குழாயைக் குவளையால் தட்டிக்கொண்டே கிடந்திருக்கிறார். பள்ளிவிட்டு வந்த பிறகுதான் டீச்சருக்கு அது கேட்டிருக்கிறது.

நல்லவேளை, கணுக்கால் எலும்பில் விரிசலோடு போயிற்று. இவள் போய்ச் சேர்ந்தபோது அவர் மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு எதுக்கு வந்த என்று கடிந்துகொண்டார்.

மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போனாள். அப்பாவுக்குக் கால் அடிபட்டதைச் சொன்னதும் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

“அவரோட பொண்ணா நீங்க? அதான் ஆளையே காணோமா? கையில காசு இருந்தாலும் கார்டைத்தான் நீட்டுவாரு. இத்துனூண்டு ரொட்டிக்குக் கார்டு எதுக்கு சார்னு கேட்டா, காசா குடுத்தா நான் எழுந்துட்டேன்னு என் பொண்ணுக்கு எப்படித் தெரியும்பாரு.”

அவளுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. காலை முதல் மாலை வரை அப்பா ஈரத்தரையில் கிடந்திருக்கிறார். பழையபடி ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தால், செய்தி வரவில்லையே என்று அவள் செருப்பு மாட்டும்போதே கேட்டிருப்பாள். ஐந்து சதவீதத்துக்காக அதை அவளே நிறுத்தியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து ரொட்டியை மேசையில் வைத்தாள். “சொல்லியிருக்கலாம்லப்பா?”

எதை என்று அவர் கேட்கவில்லை. “நீ கணக்குப் போட்டுச் சொல்ற. நான் என்னத்தச் சொல்றது?”

“கால் சரியானதும் தினம் ரொட்டி வாங்குங்க. கேஷ்பேக் நாசமாப் போகட்டும்.”

எங்களோடு வந்துவிடுங்கள் என்று இப்போதும் கேட்டுப் பார்த்தாள். பார்க்கலாம் என்றார். அவள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கிளம்புவதற்கு முன் வங்கிக்கு மட்டும் போன் செய்தாள். இத்தனை நாளாகச் செய்தி ஒரு பக்கமாகவே வந்துகொண்டிருந்தது. இவள் எழுந்தாளா, வேலைக்குப் போனாளா என்று அவருக்கு யார் சொல்வது? அப்பாவின் கார்டு இருக்கும் அதே கணக்கில் தன்னிடமுள்ள கார்டின் செய்தி இனி அவர் எண்ணுக்கும் போகும்படி மாற்றச் சொன்னாள். மருத்துவமனைக்கு எதிரே தினமும் வாங்கும் காபியை இனி அந்தக் கார்டிலேயே வாங்குவது என்று முடிவு செய்தாள். அந்தக் கடையில் வேறு கார்டுக்குத்தான் கேஷ்பேக் அதிகம். அது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் சரி என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

கால் தேறியது. ரொட்டிக்கடை டிங் திரும்பி வந்தது. செருப்பு மாட்டிக்கொண்டே அதைப் படித்துவிட்டு, போய்க் காபி வாங்குவாள்.

ஒருநாள் ஜலதோஷம் என்று லீவு போட்டுவிட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அப்பா. அவராக அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

“என்னப்பா ஆச்சு?”

“ஒண்ணுமில்லம்மா.” அந்தப் பக்கம் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. “இன்னைக்குக் காபி வரல.”

லேசான ஜலதோஷம்தான், தூங்கிவிட்டேன் என்றாள். சரி என்றார். வெச்சிடட்டுமா என்று கேட்கவில்லை.